உப்புப் பார்க்கிறவன்

எனக்கு நாக்கு போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. நாக்கு வாய்க்குள்தான் இருக்கிறது, பேசுகிறது, பல்லிடுக்கில் மாட்டிய கறித்துணுக்கைத் துழாவி எடுக்கிறது. ருசி மட்டும் இல்லை. மூக்கும் அப்படியே. காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்த காலையில் காப்பி போட்டுக் குடித்தேன், வெந்நீராக இருந்தது. டிகாஷன் ஊற்ற மறந்துவிட்டேனோ என்று டம்ளருக்குள் பார்த்தேன். நிறம் சரியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன். அதே வெந்நீர்.

அந்தக் காய்ச்சல் அப்போது ஊரில் பாதிப் பேருக்கு வந்தது. அதில் நிறையப் பேருக்கு மூக்கும் போனது. எல்லோருக்கும் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கோரிப்பாளையத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். வரும், வரலாம், பொறுத்திருங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித் தூள், யூகலிப்டஸ் தைலம், இந்த நான்கையும் தினமும் காலையில் மோந்து பார்க்கச் சொன்னார். மூக்குக்குப் பயிற்சியாம். இன்றைக்கும் பல் தேய்த்ததும் நாலு டப்பாவையும் வரிசையாகத் திறந்து மோந்து பார்க்கிறேன். நாலும் வெறும் காற்றுதான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று புரிய வேண்டுமானால் நான் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். அரசாங்க ஆபீஸில் கோப்பு நகர்த்தும் வேலை. கல்யாணம் ஆகி இரண்டே வருடத்தில் இருவரும் பேசி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. பெரிதாகப் படிக்கவில்லை, பாடத் தெரியாது, சீட்டு ஆடத் தெரியாது, அரசியல் பேசினால் கொட்டாவி வந்துவிடும். என்னிடம் இருந்த ஒரே சரக்கு, எங்கே எது நல்லா இருக்கும் என்று தெரிந்து வைத்திருந்ததுதான்.

அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணே, மாமனார் வீட்டு ஆளுக வாராங்க. குடல் குழம்பு எங்கண்ணே நல்லா இருக்கும்?" என்று ஒருவன். "சைவத்துலயே விசேஷமா ஒரு எடம் சொல்லுண்ணே" என்று இன்னொருவன். நான் கடையை மட்டும் சொல்ல மாட்டேன். எந்தக் கிழமை போக வேண்டும், எத்தனை மணிக்குள் போக வேண்டும், எந்த மேஜையில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் சிரித்த முகமாக இருப்பார் என்பது வரை சொல்வேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே என்னைப் பிடிக்கும். அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் நாங்கள் மூன்று பேர் எங்காவது சாப்பிடப் போவோம். நான், எங்கள் ஆபீஸில் ஜூனியரான ஒருவன், எங்கள் தெரு மெடிக்கல் கடைக்காரர். வாரத்தில் ஆறு நாள் என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. ஏழாவது நாள் கீழே பைக் ஹாரன் அடிக்கும்.

நாக்கு போய்விட்டது என்று தெரிந்தால் எதற்கு ஹாரன் அடிப்பார்கள்? நொண்டிக்குப் பந்தயத்தில் என்ன வேலை என்று நானே நினைத்தேன். அதனால் நடிக்க ஆரம்பித்தேன்.

நடிப்பு ஒன்றும் கஷ்டமில்லை. இத்தனை வருடம் சாப்பிட்டவனுக்கு நாக்கைத் தவிர வேறு அவயவங்களும் கொஞ்சம் பழகியிருக்கும். சுக்கா வந்தால் அதன் நிறத்தைப் பார்ப்பேன், மிளகு கூடுதலா மிளகாய் கூடுதலா என்று தெரிந்துவிடும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கிறதா, கறியோடு ஒட்டிக்கிடக்கிறதா என்று பார்ப்பேன். விரலால் அழுத்தினால் கறி வெந்த பதம் தெரியும். பரோட்டாவைப் பிய்க்கும்போது வருகிற சத்தத்தில் மாவு ஊறிய நேரம் தெரியும். இதெல்லாம் போக, அக்கம் பக்கத்து மேஜைகளைப் பார்ப்பேன். ஆட்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டால் பண்டம் சுமார். பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிட்டால் பண்டம் பிரமாதம். இந்த ஒரு கணக்கை நான் கல்லில் எழுதியது மாதிரி நம்பினேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு முதல் வாய் வைத்து, கண்ணை லேசாக மூடி, "சோம்பு ஒரு சிட்டிகை தூக்கலா இருக்குப்பா, ஆனா தப்பில்ல" என்பேன். உடனே ஜூனியர் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "ஆமாண்ணே, எப்புடித்தேன் கண்டுபிடிக்கிறியோ" என்பான். பாவம், சோம்பு அவனுக்கும் தெரிந்திருக்காது. மெடிக்கல் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" ஒன்றுதான் சொல்வார். நல்லா இல்லாததற்கும் அதுதான். அவர்களுக்கு நடுவில் நான் வாய் நிறைய வெந்த பஞ்சை மென்றுகொண்டு சிரிப்பேன். கோரிப்பாளையத்தில் ஒரு பிரியாணிக் கடையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேஜையில் ஒரு ஆள் எலும்பை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினான். எனக்கு அவன் மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை. எழுந்து போய் அவன் தட்டைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. நான் நல்ல குணமுள்ளவன் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டேன். யாருக்குச் சமைக்க? ருசி தெரியாதவன் வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விடுவதில் என்ன இருக்கிறது? கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறதே, வெந்நீரில் அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்தால் சாம்பார் சாதம், வத்தக்குழம்பு, செட்டிநாட்டுக் கோழி, அதெல்லாம் வாங்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அந்த அலமாரிப் பக்கம் போகிறவர்களை நான் கேலி செய்வேன். இப்போது அந்த அலமாரி முன்னால் அதிக நேரம் நிற்கிறவன் நான்தான். பாக்கெட்டில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், முதுகுப்பக்கம் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். கசகசா, அன்னாசிப்பூ, கல்பாசி. ஒரு கையில் பாக்கெட்டைப் பிடித்துப் படித்துக்கொண்டே மறு கையால் சாப்பிடுவேன். கல்பாசி என்று படித்ததும் கல்பாசியின் மணம் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். முதல் வருடம் ஞாபகத்தில் வந்தது. இப்போது கல்பாசி என்ற சொல் மட்டும்தான் வருகிறது.

ஒரு சனிக்கிழமை மதியம் எலுமிச்சை சாதம் பாக்கெட் ஒன்றைப் பிரித்தேன். லேசாக உப்பியிருந்தது. காற்று அடைத்திருப்பார்கள் என்று நினைத்துச் சூடாக்கி முழுவதையும் சாப்பிட்டேன். சாயங்காலம் வயிறு பிடித்துக்கொண்டது. மறுநாள் ஹாரன் அடித்தபோது ஜன்னல் வழியாக, "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினேன். இரண்டு நாள் மோரும் கஞ்சியுமாகக் கிடந்தேன். குப்பையில் கிடந்த பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உள் மடிப்பில் பச்சையாகப் பூசணம். அது நாறியிருக்கும். அறையே நாறியிருக்கும். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், "என்ன இது வாடை அடிக்குது, தூக்கிப் போடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். தனியாக இருக்கிறேன் என்பது எனக்கு அன்றைக்கு உறைத்த மாதிரி விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட உறைக்கவில்லை. ஒருத்தன் ஒரு சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அழுதான் என்றால் சிரிப்பார்கள். அழுதேன்.

இதெல்லாம் எனக்கும் எனக்கும் நடுவில் நடந்தது. கோயில் விஷயம் அப்படி இல்லை.

எங்கள் குலதெய்வக் கோயில் திருமங்கலத்தைத் தாண்டி, டி. கல்லுப்பட்டிக்குப் போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை கொடை நடத்தி, பங்காளிகள் எல்லோரும் கூடிக் கிடா வெட்டுவோம். ஒரே அண்டாவில் குழம்பு வைத்து, சாமிக்குப் படைத்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதில் ஒரு கட்டு உண்டு. படைக்கிறதுக்கு முன்னால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. எச்சில் தெறிக்கக் கூடாது என்று சமைக்கிறவர்கள் வாயைத் துண்டால் கட்டியிருப்பார்கள். சொல்ல வேண்டியதைக் கையால்தான் காட்ட வேண்டும். அப்படியானால் உப்புச் சரியா என்று எப்படித் தெரியும்? ஒரு ஆள் அண்டாப் பக்கத்தில் போய் ஆவியை மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். உப்பு ஏறாத கொதிக்கு ஒரு பச்சை வாடை இருக்கும். உப்பு ஏறியதும் அது அடங்கிக் கறி மணம் மேலே வரும். பழகிய மூக்குக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருடமாக எங்கள் கோயிலில் அந்த மூக்கு என்னுடையது.

பெருமையாக இருக்கும். சொந்தபந்தத்தில் எனக்கென்று வேறு இடம் இல்லை. பெண்டாட்டி பிள்ளையோடு போய் நிற்கிறவர்களுக்கு நடுவில் நான் ஒற்றை ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவேன். ஆனால் அண்டா கொதிக்கிற நேரம் வந்ததும், "எங்கப்பா அவரு? வரச் சொல்லு" என்று நாலு பக்கமும் தேடுவார்கள். கூட்டம் விலகி வழி விடும். காய்ச்சலுக்கு அடுத்து வந்த இரண்டு கொடையிலும் போய் மூக்கை நீட்டினேன், ஒன்றும் தெரியவில்லை, தலையை ஆட்டினேன். இரண்டு தடவையும் குழம்பு நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சமைக்கிறவன் என் சித்தப்பா மகன், என்னைவிட ஆறு வயது இளையவன். கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் பேர் வாங்கினவன். அவன் கைப்பக்குவம் தப்பாது என்ற தைரியத்தில்தான் ஆட்டினேன்.

மூன்றாவது தடவை, இந்த வருடம். முற்பகல், நல்ல வெயில். அண்டா தளதளவென்று கொதிக்கிறது. தம்பி துண்டு கட்டிய வாயோடு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பக்கத்தில் அவன் மச்சான் உப்பு மூட்டையோடு நின்றிருந்தார், அவர் வாயிலும் துண்டு. நான் குனிந்து ஆவியை இழுத்தேன். முகம் சுட்டது, அவ்வளவுதான். பின்னால் அறுபது எழுபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கம்போல ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டு, "சரியா இருக்குப்பா, இறக்கலாம்" என்றேன்.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். இலையில் சோறு, சோற்றின் மேல் குழம்பு. எங்கள் கோயில் பந்தியில் இலையில் உப்பு வைக்க மாட்டார்கள். சாமி சோற்றுக்குக் குறை சொல்லக் கூடாது என்பதும் கட்டுதான். நான் முதல் வாய் வைத்துவிட்டு வழக்கப்படி அக்கம் பக்கம் பார்த்தேன். பந்தி முழுக்கப் பேச்சு மூச்சில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே என் பெரியப்பா, எப்போதும் வாய் ஓயாதவர், அவர்கூட இலையைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இப்படிப் பேச்சை நிறுத்த வைக்கிற குழம்பு இதுவரை அமைந்ததே இல்லை என்று நினைத்தேன். நாக்கு இல்லாதவன் கொஞ்சம் அதிகமாகவே புகழ்வான் போலிருக்கிறது. பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்த வருசம் உப்பு எம்புட்டு எடுப்பா நிக்குது பாத்தீகளா!" என்றேன்.

பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பந்தியில் பலரும் பார்த்தார்கள். ஒரு நொடி என்னமோ மாதிரி இருந்தது. பிறகு பெரியப்பா சிரித்துவிட்டு, "ஆமாப்பா, எடுப்பாத்தேன் நிக்குது" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர், "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்று இலையைக் காட்டினார். பேச்சு கிளம்பிவிட்டது. நானும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆட்களோடு ஆளாக உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொள்ள, நீண்ட நாளைக்குப் பிறகு எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

சமைத்தவர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள். நான் கை கழுவிவிட்டு, நாங்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி வாய்த்துண்டை அவிழ்த்துவிட்டு இலை முன் உட்கார்ந்து ஒரு வாய் வைப்பதைப் பார்த்தேன். வைத்த கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. எழுந்து அண்டாவுக்குப் போய் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினான். பிறகு மச்சானைப் பார்த்துக் கையை விரித்தான். மச்சான் உப்பு மூட்டையைக் காட்டினார். மூட்டை தைத்தது தைத்தபடி இருந்தது. உப்புப் போட்டாச்சா என்று இவன் கையைக் காட்டிக் கேட்டதை, உப்பு இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து அவர் தலையை ஆட்டியிருக்கிறார். குழம்பில் ஒரு கல் உப்பு விழவில்லை.

அவன் நேராக என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, அம்புட்டுப் பேரும் சப்புன்னு தின்னுட்டு ஒத்த வார்த்த சொல்லாமப் போறாகளே, எதுனாலன்னு இப்பத்தேண்ணே தெரியுது. மூக்கு ஒரு நா தப்பும்ணே, அது பெருசில்ல. வாயில வச்சதும் தெரிஞ்சும், நீ மொதல்ல எடுப்பா இருக்குன்னு சொல்லி ஏ மானத்தக் காப்பாத்திட்ட. சாமி சோத்துல உப்பப் போடாதவன்னு எனக்குப் பேராயிருக்கும்ணே. இனி எவனும் ஒரு அண்டாவ ஏங் கையில குடுத்திருக்க மாட்டான்."

அவன் பிழைப்பு அது. நான் ஆட்டிய தலையில் அது போயிருக்கும். நடித்தது போதும் என்று அந்த இடத்தில்தான் தோன்றியது. ஊரே ஒதுக்கினாலும் சரி, இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.

"டேய், நான் ஒன்னும் காப்பாத்தல. எனக்கு மூக்கு போயிருச்சுடா. நாக்கும் போயிருச்சு. காய்ச்சல் வந்ததுலருந்து ஒன்னும் தெரியல. மோந்து பாத்தேன்ல, அது பொய். சாப்புட்டப்பவும் எனக்கு உப்பு இல்லன்னு தெரியாது. தெரியாமத்தேன் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். அவன் என்னையே பார்த்தான். அவன் முகம் மாறிய விதத்தைப் பார்த்து, புரிந்துகொண்டான் என்றுதான் நினைத்தேன். சட்டென்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினான்.

"எம் மேல பழி வரக் கூடாதுன்னு ஓ நாக்கையே இல்லைங்கிறியாண்ணே! ஒனக்கா நாக்கு போச்சு? இந்த ஜில்லாவுல ஒனக்கா?"

"நெசமாத்தேன்டா சொல்றேன்."

"பெரியப்பா, இங்க வாங்க, இவரு சொல்றதக் கேளுங்க."

பெரியப்பா வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னதைச் சொன்னான். நான் திரும்பவும், ஆமாம், உண்மைதான், டாக்டரிடம்கூடப் போனேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருவர், "போன மாசந்தேன அண்ணே சொன்ன கடைக்குப் போயிச் சுக்கா தின்னோம், ஏ அப்பா, என்னா சுக்கா" என்றார். பெரியப்பா என் தோளில் கை போட்டு, "தம்பிக்காரனுக்காக ஒருத்தன் தன்னையவே கொறச்சுச் சொல்றான் பாருங்கடா, இவன மாதிரி ஆளு வேணும்டா குடும்பத்துக்கு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு அன்பு இருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாக என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்த அந்த ஆள் நான் இல்லை.

மறைத்து வைத்திருந்த நாளில் எல்லாம், ஒரு நாள் சொல்லிவிடலாம் என்ற ஒன்று மிச்சம் இருந்தது. சொல்லியாகிவிட்டது. இனி அதுவும் இல்லை.

வேன் கிளம்புகிற நேரத்தில் தம்பி ஜன்னலோரம் வந்து நின்றான். "அடுத்த வருசமும் நீதேண்ணே வந்து மோந்து பாக்கணும். ஒன்னைய விட்டா வேற ஆளு இல்ல" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். "வாரேன்டா" என்றேன்.